உள்ளே கூப்பிட்டதும் பிரஷர் ஏறுது, வாய் அடைச்சுப் போகுது, ஊசியைக் கண்டால் கண் இருட்டுது: என்னதான் வழி?

கதவோரம் | ஜூன் 4, இரவு 9.40

நேராகவே கேட்கிறேன். டாக்டரிடம் போவதென்றால் பலருக்கும் வரும் தொல்லைகள் நாலு. வீட்டில் ஒழுங்காக இருக்கும் பிரஷர் அங்கே ஏறிக்கொள்கிறது. சொல்ல நினைத்தது அறைக்குள் நுழைந்ததும் மறந்துபோகிறது. ஊசியைப் பார்த்தால் கண் இருட்டுகிறது. வெளியே வந்தபின் அவர் சொன்னதில் பாதி நினைவில் இல்லை. நாலுக்கும் கிடைக்கிற ஒரே பதில் "பயப்படாதீங்க". அந்த வார்த்தையால் யாருக்கும் பயம் தெளிந்ததாகத் தெரியவில்லை.

என் கட்சி இது: இவை நாலும் ஒரே பயம் இல்லை. நாலுக்கும் காரணம் வேறு வேறு, ஆகவே கைவைத்தியமும் வேறு வேறாகத்தான் இருக்கவேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள். "மனசு திடமாக இருக்கணும்" வகைப் பதில்கள் வேண்டாம், கையிருப்பு நிறைய இருக்கிறது.

நாடி | ஜூன் 4, இரவு 10.25

பிரஷரை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. ஒன்று, மருத்துவரைக் கண்டால் நிஜமாகவே ஏறும் பிரஷர். இதற்கு வெள்ளைக்கோட்டு பிரஷர் என்றே பெயர். இரண்டாவது, தப்பாக அளந்ததால் ஏறினதுபோல் தெரியும் பிரஷர். பலர் முதலாவது என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டாவது.

சரியாக அளக்கும் முறை: அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, புகை, வேக நடை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காரவேண்டும். 5 நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கணும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை வெறும் கையில் சுற்றவேண்டும், சட்டைக் கைமேல் அல்ல. இதில் ஒவ்வொன்று தவறும்போதும் அளவு சில புள்ளிகள் கூடும், சிலதில் 10-ஐயும் தாண்டும். மாடி ஏறி வந்த மூச்சோடு, கையைத் தொங்கப்போட்டு, நர்சிடம் பேசிக்கொண்டே அளந்தால் 150 வருவதில் ஆச்சரியம் என்ன?

பட்டை அளவு தனிக் கதை. உள்ளிருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வரவேண்டும். வழக்கமான பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். கை அதைவிடப் பருமனாக இருந்து அதே பட்டையைப் போட்டால் இல்லாத பிரஷரை அது காட்டும். "பெரிய பட்டை இருக்கா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

வீட்டில் அளந்து எடுத்துப்போவது: காலையில் 2 தடவை, மாலையில் 2 தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இப்படி 7 நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால் வீட்டு அளவுக்கு 135/85. அந்தத் தாளை நீட்டுங்கள். ஒற்றை எண்ணை வைத்து வாதாடுவதைவிட 24 எண்களின் சராசரிக்கு மதிப்பு அதிகம்.

மாத்திரைப்பட்டை | ஜூன் 5, காலை 7.10

நாடி எழுதினதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. டாக்டரைப் பார்க்கப் போற அன்னைக்கு "நிஜ பிரஷர் தெரியட்டும்"னு மாத்திரையை நிறுத்திட்டுப் போறவங்க இருக்காங்க. வேணாம். அந்த மாத்திரை வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் உங்களை வரச்சொன்னதே. பயத்துல ஏறிடுமோன்னு ஒண்ணு கூடப் போட்டுக்கிறதும் அதே தப்புதான், எதிர்ப்பக்கம்.

கதவோரம் | ஜூன் 5, காலை 8.00

அப்படியானால் வெள்ளைக்கோட்டு பிரஷர் ஆபத்தில்லாதது, வீட்டில் சரியாக இருந்தால் விட்டுவிடலாம், சரிதானே?

நாடி | ஜூன் 5, மதியம் 1.15

இல்லை. அவசரத்தில் அந்த அர்த்தம் வரும்படி எழுதிவிட்டேன்போல. அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரப் பிரஷர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாத்திரை இப்போது வேண்டாம் என்று முடிவானாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது வீட்டு அளவை மறுபடி எடுக்கவேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் 24 மணி நேரக் கருவி கட்டுவார்கள். பகலில் 20, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக அளக்கும், தூக்கத்திலும் அளக்கும். முழு நாள் சராசரி 130/80-க்குள் இருக்கவேண்டும்.

தலைகீழ்க் கதையும் உண்டு: மருத்துவமனையில் சரியாக இருந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறுவது. ஒளிந்த பிரஷர். அது இன்னும் மோசம், ஏனென்றால் யாரும் தேடுவதில்லை.

ஒரு கொசுறு. கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் அறிமுகப்படுத்தினார். அளக்கும்போது ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் ஓசைகளை ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் 1905-இல் சொன்னார். மனப் பதற்றம் அளவைக் கெடுக்கும் என்பது ரிவா-ரோச்சிக்கே தெரிந்திருந்தது. அதாவது கருவிக்கு என்ன வயசோ அதே வயசுதான் இந்தக் குறைக்கும்.

சொல்லகராதி | ஜூன் 5, இரவு 9.05

இரண்டாவது தொல்லைக்கு வருகிறேன், வாய் அடைத்துப்போவது. இதில் நோயாளியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் டாக்டர்-நோயாளி ஆலோசனைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 1999-இல் வேறொரு குழு பார்த்தபோது 23 விநாடி. 2019-இல் வந்த ஆய்வில் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 11 விநாடி. 1999 ஆய்வில் ஒரு சுவாரசியம்: முழுக்கப் பேசவிடப்பட்டவர்கள் எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் வெறும் 6 விநாடிதான். சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள், 2002-இல். ஜனங்கள் சராசரியாக 92 விநாடியில் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். "விட்டால் பேசிக்கிட்டே இருப்பாங்க" என்ற பயத்துக்கு அடிப்படை கொஞ்சம்தான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: முதல் 11 விநாடிக்குள் எது வெளியே வருகிறதோ அதுதான் அன்றைய பேச்சு. ஆகவே முதல் வாக்கியம் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். "மூணு விஷயம் இருக்கு. முதல் விஷயம்தான் முக்கியம், ரெண்டு வாரமா ராத்திரி நெஞ்சுல அழுத்துது." எத்தனை விஷயம் என்ற எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் அவர் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார். சொல்லாவிட்டால் சளியிலேயே நேரம் முடிந்து, எழுந்து கதவுப்பிடியில் கைவைக்கும்போது "அப்புறம் ஒண்ணு, மலத்துல ரத்தம் போகுது" என்று வரும். டாக்டர்கள் இதற்குக் கதவுப்பிடிக் கேள்வி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டவருக்கு இந்த இழையில் இருக்கும் புனைபெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கதவோரம் | ஜூன் 5, இரவு 9.20

பெயர் ராசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லகராதி | ஜூன் 6, காலை 6.30

நேற்று விட்ட இடம். பேசக் கிடைத்த நேரத்தில் என்ன வார்த்தை என்பது அதைவிடப் பெரிய சிக்கல், நம் மொழியில் குறிப்பாக. சில சொற்கள் மூன்று நான்கு நோய்க்கு ஒரே சமயத்தில் கதவைத் திறந்துவிடும்.

"மயக்கம்" முதல் குற்றவாளி. உலகமே சுற்றுகிறது என்றால் அது தலைசுற்றல். படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றால் பெரும்பாலும் உள்காதுக் கோளாறு, தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பியே சரிசெய்கிறார்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அது பிரஷர் இறங்குவது. படுத்த நிலையிலும், நின்று 3 நிமிடத்துக்குள்ளும் அளந்து பார்ப்பார்கள், மேல் எண் 20 இறங்கினால் கணக்கில் எடுப்பார்கள். தலை தெளிவாக இருக்கிறது, கால்தான் தள்ளாடுகிறது என்றால் அது மூன்றாவது, நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நினைவே தப்பிக் கீழே விழுந்தது நான்காவது, அதற்குப் பார்த்தவர் ஒருவர் கூட வரவேண்டும், விழுந்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. நாலையும் "மயக்கமா இருக்கு டாக்டர்" என்று ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்தால் அவர் எதைப் பிரிப்பார்?

"இடுப்பு" இரண்டாவது. கீழ்முதுகும் இடுப்பு, பக்கவாட்டு எலும்பும் இடுப்பு, தொடை மூட்டும் இடுப்பு. தொடை மூட்டு கெட்டிருந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிறுநீரகக் கல் வலி கடைசி விலா எலும்புக்குக் கீழே பக்கவாட்டில் தொடங்கி முன்பக்கம் இறங்கும். சொல்லாதீர்கள், ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால்தான் தடவிக் காட்ட முடிகிறது என்றால் அதுவும் ஒரு தகவலே.

"மரத்துப்போச்சு" என்பது தொட்டால் உணர்வு இல்லையா, தூக்கினால் பலம் இல்லையா? இரண்டும் வெவ்வேறு. சர்க்கரை உள்ளவர் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தால் அதை அப்படியே சொல்லவேண்டும். "கால் மதமதன்னு இருக்கு" என்பதைவிட அந்த ஒரு வரியில் விஷயம் அதிகம்.

வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள் வேறு எதற்கும் இல்லை. விண்விண் என்று தெறிப்பது, சுரீர் என்று இழுப்பது, காந்துவது, பிசைவது, கடுப்பது, குத்துவது. இவை அலங்காரம் இல்லை. பிசைந்து பிசைந்து விட்டால் குடல் போன்ற குழாய் உறுப்பு. சுரீர் என்று மின்சாரம்போல் ஓடினால் நரம்பு. விண்விண் என்றால் சீழ் கோத்த இடம், அல்லது ஒற்றைத் தலைவலி. "ஒரே வலி" என்று மட்டும் சொல்லி இந்தச் சொத்தையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

நாடி | ஜூன் 6, காலை 7.00

முக்கியமான ஒரு சொல் விட்டுப்போச்சு: "வாயு". நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்வை, குமட்டல், இதைத் தானே வாயு என்று தீர்மானித்து மறுநாள் நேரம் வாங்குவது கூடாது. இது வரிசையில் உட்காரும் விஷயமே இல்லை, அவசரப் பிரிவுக்கு உடனே போகவேண்டியது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் மூச்சு வாங்குவது மட்டும்கூட வரலாம். டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். பெயர் வைப்பது அவர் வேலை.

மூச்சு வாங்குவதற்கும் அளவு சொல்லலாம். போன மாதம் எத்தனை படி ஏற முடிந்தது, இப்போது எத்தனை? தூங்க எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது?

ஊசிக்காது | ஜூன் 6, இரவு 11.45

ஊசி சமாசாரத்துக்கு இவ்ளோ நேரம் யாரும் வரலியே. சரி, நான் வர்றேன்.

மத்த பயத்துல பெரும்பாலும் யாரும் மயங்கி விழுறதில்ல. பாம்பைக் கண்டா நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், ஓடுவோம். ரத்தம், ஊசி, காயம், இந்த மூணுக்கு மட்டும் உடம்பு வேற மாதிரி நடந்துக்குது. முதல்ல ஏறும், அப்புறம் நாடியும் பிரஷரும் ரெண்டும் சேர்ந்து பொசுக்குனு இறங்கும். மூளைக்கு ரத்தம் கம்மியாகி ஆள் சாய்வார். அதனாலதான் "மூச்சை இழுத்து விடுங்க, உடம்பைத் தளர விடுங்க"ங்கற அறிவுரை இங்க வேலைக்காகாது. ஏற்கெனவே இறங்குற பிரஷரை இன்னும் இறக்கிவிடுற வேலை அது.

பண்ண வேண்டியது நேர்மாறு. கை, கால், வயிறு, தொடைத் தசை எல்லாத்தையும் இறுக்கணும். 10 முதல் 15 விநாடி, முகத்துல சூடு ஏறுற வரைக்கும். அப்புறம் இறுக்கத்தை விட்டுச் சாதாரணமா 20, 30 விநாடி. முழுசாத் தொய்ஞ்சு போகக் கூடாது. மறுபடி. இப்படி 5 தடவை. ஸ்வீடன் மனநல ஆய்வாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறை இது. வீட்டுல ஒரு வாரம் தினமும் பழகிட்டு வந்தா ஊசி அன்னைக்குத் தானா வரும்.

உட்காரும்போதே சொல்லிடுங்க: "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிட்டே கொடுக்கிறேன்." இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. விழுந்தப்புறம் ஆளைத் தூக்குறதைவிடப் படுக்க வெச்சு எடுக்கறது எல்லாருக்கும் சுலபம்.

ஊசிக்காது | ஜூன் 7, காலை 6.05

ராத்திரி எழுதினதுல ஒரு திருத்தம். எல்லாத் தசையையும்னு போட்டுட்டேன். ரத்தம் எடுக்கிற கையை இறுக்காதீங்க! அது மட்டும் தளர்வா இருக்கணும், இல்லன்னா வலியும் கூடும், ரத்தக்குழாயும் நழுவும். மத்த கை, கால், வயிறு மட்டும். ஏற்கெனவே காயம், தையல், கர்ப்பம், இதய நோய் இருந்தா முதல்ல டாக்டரைக் கேட்டுட்டுப் பழகுங்க.

கையை மூடித் திறந்து மூடித் திறந்து பம்ப் அடிக்கிறதும் வேண்டாம். மெதுவா ஒரு தடவை மூடினாப் போதும். ரொம்ப பம்ப் அடிச்சா பொட்டாசியம் அளவு பொய்யா ஏறிக் காட்டும், அதுக்கு மறுபடி ஒரு ஊசி.

மத்த விஷயம் சுருக்கமா. ஸ்பிரிட் தடவினதும் 30 விநாடி காயவிடணும், ஈரத்தோட குத்தினா எரியும். ஊசி எண் பெரிசா இருந்தா ஊசி மெல்லிசு: 23 எண் ஊசி 21-ஐ விட ஒல்லி. ஒரு குப்பிக்கு 3, 4 மி.லி. தான் போகும். மூணு குப்பி எடுத்தாலும் 15 மி.லி. தாண்டுறது அபூர்வம், உடம்புல இருக்கிறது ஏறக்குறைய 5 லிட்டர். எடுத்து முடிச்சதும் கையை மடக்காதீங்க. நீட்டி வெச்சு பஞ்சை ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தணும். மடக்கினாத்தான் நீலம் பாயும்.

பசங்களுக்கு மரக்கச் செய்யிற களிம்பு இருக்கு, லிடோகெய்ன் 2.5 சதவீதமும் பிரிலோகெய்ன் 2.5 சதவீதமும் கலந்தது. கனமா வெச்சு மேல மூடி ஒரு மணி நேரம் விடணும். உள்ள போற நேரத்துல தடவிட்டு "வேலையே செய்யல"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. கைக்குழந்தைக்கு டாக்டர் அளவு சொல்லாமத் தொடவே கூடாது.

மாத்திரைப்பட்டை | ஜூன் 7, மதியம் 12.20

வெறும் வயிறுன்னா தண்ணியும் கூடாதுன்னு நினைச்சு நாக்கு வறண்டு வர்றாங்க. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் தண்ணி குடிக்கலாம். குடிச்சா ரத்தக்குழாயும் நல்லா எழும்பும், மயக்கமும் குறையும். தண்ணி அளவுக் கட்டுப்பாடு இருக்கிற இதய, சிறுநீரக நோயாளிங்க மட்டும் அவங்க அளவோட. ஆனா மயக்க மருந்து கொடுத்துப் பண்ற அறுவைக்கு முன்னாடி சட்டம் வேற, அங்க தண்ணிக்கும் நேரம் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

8 முதல் 12 மணி நேரம் போதும். பயபக்தியா 18 மணி நேரம் பட்டினி கிடந்தா எண்கள் வேற பக்கம் கோணிக்கும். கொழுப்புப் பரிசோதனைக்கு இப்பப் பல இடத்துல வெறும் வயிறே கேட்கிறதில்ல, நேரம் வாங்கும்போது கேட்டுக்குங்க. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க அன்னைக்குக் காலை என்ன பண்றதுன்னு முந்தின நாளே கேட்கணும். சாப்பிடாம மாத்திரையை மட்டும் போட்டுட்டு வரிசையில நின்னா சர்க்கரை இறங்கி விழுறதுக்கு ஊசி பயமே தேவையில்ல.

முடிக்கும் நகத்துக்கும்னு பயோட்டின் சாப்பிடுறீங்களா? தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனினையும் அது தப்பாக் காட்ட வைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லயே எச்சரிச்சது. கேட்டா "அது மருந்து இல்லியே, சத்து மாத்திரைதானே"ம்பாங்க. சத்து மாத்திரை, கண் சொட்டு, இன்ஹேலர், நாட்டு மருந்து, தலைவலிக்கு அப்பப்பப் போடுறது, எல்லாமே பட்டியல்ல வரணும். பேர், எத்தனை மி.கி., எந்த வேளை, எத்தனை நாளா. பட்டையைக் கத்தரிக்கும்போது பேர் அச்சடிச்ச பக்கத்தை வெட்டி எறிஞ்சிடாதீங்க, "வெள்ளையா வட்டமா இருக்கும்"னா அது ஆயிரம் மாத்திரை.

கதவோரம் | ஜூன் 8, இரவு 8.30

நாலாவதை யாரும் தொடவில்லை. அதற்கு முன்னால் ஒன்று கூடச் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது பரிசோதனை முடிவு டாக்டருக்கு முன்பே ராத்திரியில் போனுக்கு வந்துவிடுகிறது. நாலு எண் சிவப்பில். விடியும்வரை தூக்கம் போச்சு.

நாடி | ஜூன் 8, இரவு 10.00

அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தால் பாதி தூக்கம் திரும்பும். பெரும்பாலான பரிசோதனைகளில் "சாதாரண அளவு" என்பது ஆரோக்கியமானவர்களை அளந்து நடு 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் இரண்டரை சதவீதத்தை வெட்டிப் போட்ட கோடு. ஆக நல்ல ஆரோக்கியமான 20 பேரில் ஒருவருக்கு எந்த ஒரு பரிசோதனையிலும் சிவப்பு வரும். ஒரே ஆளுக்கு ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனை செய்தால் ஒன்றாவது சிவப்பாக வரும் வாய்ப்பு 64 சதவீதம். ஒன்றுமே சிவக்காத தாள்தான் அபூர்வம்.

பார்க்கவேண்டியது இரண்டு: கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, போன தடவையிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. அதனால் முடிந்தவரை ஒரே ஆய்வகம், பழைய தாள் கையோடு. ஆபத்தான அளவு என்றால் ஆய்வகமே டாக்டருக்குத் தொலைபேசியில் சொல்லும் நடைமுறை உண்டு.

குழல்விளக்கு | ஜூன் 9, மாலை 5.50

தாமதமாகத்தான் எரிவேன், பெயரே அப்படி. எம்ஆர்ஐ ஸ்கேன் பயத்தை யாரும் சொல்லாததால் வந்தேன்.

நாம் படுத்தபடி உள்ளே போகும் குழாயின் விட்டம் 60 செ.மீ. அல்லது 70 செ.மீ. இந்தப் பத்து செ.மீ. மூக்குக்கும் கூரைக்கும் நடுவில் பெரிய வித்தியாசம், நேரம் வாங்கும்போதே எது என்று கேளுங்கள். பொதுவாக 20 முதல் 45 நிமிடம். இடையிடையே சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம் வரும். காதடைப்பான் கொடுக்காமல் ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பலர் செய்யும் பிழை, உள்ளே போனபின் கண்ணை மூடுவது. மேசை நகர்வதற்கு முன்பே மூடுங்கள், கண்ணுக்குமேல் ஒரு துணியும் போடச் சொல்லுங்கள். கூரையை ஒரு முறை பார்த்துவிட்டால் மூடினாலும் அது கண்ணுக்குள்ளேயே நிற்கும். முழங்காலுக்கு என்றால் கால்தான் முதலில் போகும், தலை பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும். இது தெரியாமல் ஒரு வாரம் பயந்திருப்பார்கள். தலைக்கு என்றால் தலையைச் சுற்றி மாட்டும் கூண்டின்மேல் கண்ணாடி பொருத்தி வெளியே தெரியவைக்க முடியும். கையில் ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் ஆள் வரும். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், மணி அடிக்கிறது என்று காதால் கேட்டால் நம்பிக்கை வரும். அப்படியும் முடியாது என்றால் அமைதிப்படுத்தும் மருந்து உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லவேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

உடம்பில் ஒட்டும் மருந்துப் பட்டைகளில் சிலதில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், சூடாகித் தோல் சுடும். ஒட்டியிருந்தால் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் வேறு, அது குட்டை வளையம், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கும் இதே பயத்தோடு வருகிறார்கள், பாவம்.

சொல்லகராதி | ஜூன் 9, இரவு 9.30

நாலாவது தொல்லை, டாக்டர் சொன்னது மறந்துபோவது. கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாக நிற்கிறது. 2003-இல் கெசல்ஸ் என்ற ஆய்வாளர் தொகுத்த கணக்கு. பயம் கூடக் கூட மறதியும் கூடும். கெட்ட செய்தியின் முதல் வார்த்தைக்குப் பிறகு வருவது எதுவும் காதில் ஏறாது.

ஆகவே நினைவை நம்பாதீர்கள். போனில் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துணைக்கு வருபவருக்கு வேலையை வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள்: அவர் எழுதுவார், பேசமாட்டார். (நோயாளியை ஊமையாக்கிவிட்டு முழுக் கதையும் தானே சொல்லும் துணை எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.) துணை முன்னால் பேச முடியாத விஷயம் இருந்தால் "ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று டாக்டரிடம் சொன்னால் போதும், வெளியே அனுப்பும் பழியை அவர் ஏற்றுக்கொள்வார். கடைசியில், புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே பிடிபடும்.

மாத்திரைப்பட்டை | ஜூன் 9, இரவு 10.40

மருந்துச் சீட்டுல இருக்கிற எழுத்தையும் வாய்விட்டுக் கேளுங்க. ஓடின்னா தினம் ஒரு வேளை. ஓடிப்போய்ச் சாப்பிடுறது இல்ல. பிடின்னா ரெண்டு வேளை, டிடிஎஸ்னா மூணு வேளை, எச்எஸ்னா படுக்கப்போகும்போது, எஸ்ஓஎஸ்னா தேவைப்பட்டா மட்டும். கண் டாக்டர் சீட்டுல அதே ஓடிக்கு வலது கண்ணுன்னு அர்த்தம், என்னத்தைச் சொல்ல! எல்லாம் லத்தீன் பண்ணின வேலை.

"தேவைப்பட்டா"ன்னா ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்னு கேட்காம எழுந்திருக்காதீங்க.

ஊசிக்காது | ஜூன் 10, காலை 6.15

ஆடையை விலக்கிப் பார்க்கிற பரிசோதனை பத்தி ஒரு வரி. உங்க பாலினத்தைச் சேர்ந்த ஒருத்தர் கூட இருக்கணும்னு கேட்கலாம். எதுக்காக, என்ன பண்ணப் போறீங்கன்னு முதல்ல சொல்லச் சொல்லலாம். நடுவுல "நிறுத்துங்க"ன்னா நிறுத்தணும். கருப்பைவாய்ப் பரிசோதனைக் கருவியில சின்ன அளவு இருக்கு, அதையும் கேட்கலாம். எடை மிஷின்ல ஏற மனசு வராதவங்க எண் பக்கம் முதுகைக் காட்டி நிக்கலாம். ஆனா மருந்தளவு எடையைப் பார்த்துக் கணக்குப் போடுறதா இருந்தா ஏறித்தான் ஆகணும்.

கதவோரம் | ஜூன் 10, இரவு 9.00

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாகச் சொன்ன பிறகும் "டென்ஷன்தான், வேற ஒண்ணும் இல்ல" என்று அனுப்பினால்?

நாடி | ஜூன் 10, இரவு 9.50

சில சமயம் அது சரியாகவே இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் சரியா தப்பா என்று காலம்தான் காட்டும், அந்தக் காலத்துக்கு ஒரு அளவு வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்று கேள்வி. "இது இல்லைன்னா வேற என்னவா இருக்கலாம்?" "எத்தனை நாள்ல குறையணும்?" "என்ன நடந்தா அதுக்கு முன்னாடியே நான் திரும்பி வரணும்?" மூன்றாவதுக்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்கவே கூடாது. அவர் "ரெண்டு வாரம்" என்றார், குறையவில்லை என்றால் திரும்பிப் போவது அவரைக் குறை சொல்வதாகாது, அவர் சொன்னபடி நடப்பது.

இணையத்தில் படித்ததையும் மறைக்கவேண்டாம். "எனக்கு இந்த நோய்" என்று ஆரம்பித்தால்தான் முகம் சுளிப்பார்கள். "இதைப் பத்திப் படிச்சேன், எனக்கு இது இல்லைன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டி வரும்.

கதவோரம் | ஜூன் 11, காலை 7.40

இதுவரை வந்ததை வைத்து ஒரு தாள் தயார் செய்தேன். மேலே முதல் வாக்கியம், அதன்கீழ் மூன்று விஷயம், நடுவில் மருந்துப் பட்டியலும் ஒவ்வாமையும், கீழே பிரஷர் சராசரி, கடைசியில் நாடியின் மூன்று கேள்வி. ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது. இரண்டாவது பக்கத்தில் பழைய சிகிச்சை வரலாற்றையும் எழுதலாமா?

மாத்திரைப்பட்டை | ஜூன் 11, காலை 8.05

அறுவை சிகிச்சை, பெரிய நோய், எந்த வருஷம், மூணு வரி போதும், முதல் பக்கத்துலயே இடிச்சுப் போட்டுடலாம். பின்பக்கத்தைக் காலியா விடுங்க, அவர் சொல்றதை எழுத. ரெண்டு பிரதி எடுத்துப் போங்க, ஒண்ணை அவர்கிட்டயே கொடுத்துடலாம்.

குழல்விளக்கு | ஜூன் 11, இரவு 11.30

எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். அவருக்கும் வெள்ளெழுத்து இருக்கலாம்.